டிவி பார்த்தால் மூளை கெடுமா?

கேள்வி இது: “டிவி பார்க்கும்போது மூளை, தூக்கத்தில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வேலை செய்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கள் வீட்டில் காலையில் போட்ட டிவி ராத்திரிதான் அணைகிறது. ஓய்வுபெற்ற மாமனாருக்குச் செய்தி சேனலே கதி. ஒன்றரை வயது மகள் அதே ஹாலில்தான் விளையாடுகிறாள். டிவியால் மூளைக்கு உண்மையிலேயே கெடுதல் உண்டா, இல்லை வீணாகப் பயப்படுகிறேனா?”

டிவி மூளைக்குள் புகுந்து எதையும் அரிப்பதில்லை. அது ஓடுகிற நேரத்தில் வீட்டில் வேறு என்னென்ன நடக்காமல் போகிறது என்பதில்தான் கெடுதல் இருக்கிறது. அதுவும் எல்லா வயதுக்கும் ஒரே அளவு இல்லை. மகளைப் பற்றி நீங்கள் யோசிப்பது சரி. மாமனாரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வாட்ஸப் செய்தியை முதலில் முடித்துவிடலாம். அது தப்பு. ஆனால் யாரோ சும்மா உட்கார்ந்து கட்டிவிட்ட கதையும் இல்லை, அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் விளம்பர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் ஹெர்பர்ட் க்ரூக்மன். பத்திரிகை விளம்பரத்தை மனம் கவனிக்கும் விதமும் டிவி விளம்பரத்தைக் கவனிக்கும் விதமும் ஒன்றுதானா என்பது அவருடைய கேள்வி. 22 வயதுப் பெண் ஒருவரின் தலையில் எலெக்ட்ரோடு பொருத்தி, அவர் பத்திரிகை புரட்டும்போதும் டிவி பார்க்கும்போதும் மூளை அலைகளைப் பதிவு செய்தார். டிவி பார்க்க ஆரம்பித்து அரை நிமிடம் ஆவதற்குள் ஆல்ஃபா அலைகள் கூடிவிட்டன. 1971-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆய்வில் இருந்தது அந்த ஒரே ஒரு பெண்தான். அப்புறம் டிவியை எதிர்த்து எழுதியவர்கள் கையில் இது கிடைத்தது. எழுத எழுத “ஆல்ஃபா கூடியது” என்பது “மூளை அணைந்துவிட்டது” என்றாகி, கடைசியில் தூக்கத்தைவிட மோசம் என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறது.

ஆல்ஃபா அலை தூக்கத்தின் அடையாளம் இல்லை. விழித்திருக்கும்போது, உடம்பும் மனசும் தளர்ந்திருந்தால் வருவது. கண்ணை மூடிக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்தாலே வரும். ஆழ்ந்த தூக்கத்துக்கு உரியது டெல்டா அலை, அது வேறு. தூக்கத்தில் மூளை ஓய்ந்து கிடக்கிறது என்பதும் தவறு, கனவு காணும் கட்டத்தில் அது ஏறக்குறைய விழிப்பில் இருப்பதுபோலவே இயங்குகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வருமான வரிக் கணக்குப் போட்டாலும் சரி, சீரியல் பார்த்தாலும் சரி, அந்தச் செலவு பெரிதாகக் கூடிக் குறைவதில்லை.

படம் பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது என்று நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் யூரி ஹாசனும் கூட்டாளிகளும் ஐந்து பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ஒரு பழைய கௌபாய் படத்தில் அரை மணி நேரத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிவு 2004-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், ஏறக்குறைய 30 சதவீதப் பரப்பு அந்த ஐந்து பேருக்கும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. முகம் பெரிதாக வரும் காட்சியில் எல்லோருக்கும் முகத்தை அடையாளம் காணும் பகுதி, கை ஏதோ ஒரு வேலையை நுணுக்கமாகச் செய்யும் காட்சியில் இன்னொரு பகுதி. படம் அவர்களுடைய மூளைகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தது. அணைந்து கிடக்கிற மூளை இப்படிச் செய்யாது.

அப்படியானால் மூன்று மணி நேரம் டிவி பார்த்துவிட்டு எழும்போது ஏன் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது? அந்த உணர்வு பொய்யில்லை. ராபர்ட் க்யூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். ஆட்களிடம் பேஜர் கொடுத்து, அது எப்போது அடித்தாலும் அந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். டிவி பார்ப்பவர்கள் “தளர்வாக, நிம்மதியாக இருக்கிறேன்” என்று எழுதினார்கள். டிவியை அணைத்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. மந்தமும் விழிப்புக் குறைவும் மட்டும் கூடவே தங்கிவிட்டன. புத்தகம் படித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. விளையாடியவர்களுக்கும் பொழுதுபோக்கு வேலை ஏதாவது செய்தவர்களுக்கும் மனநிலை முன்பைவிட நன்றாகவே இருந்தது. நிம்மதி டிவி ஓடும்வரைதான் என்பது உடம்புக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. அதனால் அணைக்க மனசு வருவதில்லை.

அணைக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணெதிரே திடீரென்று ஏதாவது மாறினால், புதிதாகச் சத்தம் கேட்டால், தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். இதயத் துடிப்பு சில விநாடி தணியும், கவனம் அங்கே குவியும். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் 1927-லேயே விவரித்த அனிச்சைச் செயல் இது. புதரில் சலசலப்பு கேட்டால் திரும்பிப் பார்த்தவன் பிழைத்தான், அவ்வளவுதான். டிவியில் ஒவ்வொரு வெட்டும், ஒவ்வொரு ஜூமும், ஒவ்வொரு “பிரேக்கிங் நியூஸ்” ஒலியும் இதைத் தட்டி எழுப்புகிறது. எதிர் வரிசையில் டிவி இருக்கிற ஓட்டலில் நண்பர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே போவதற்கு நீங்கள் மரியாதை தெரியாதவர் என்று அர்த்தம் இல்லை. அதேபோல ஒரு வயதுக் குழந்தை வாயைப் பிளந்து டிவி பார்ப்பதை “எவ்வளவு ஆர்வமாப் பார்க்குது பாருங்க” என்று சொல்கிறோமே, அதில் பாதிக்குமேல் இந்த அனிச்சைதான் என்பது என் கணிப்பு. குழந்தை எதையாவது கற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பார்வை சாட்சி ஆகாது.

திரை நேரடியாகவே மூளையைத் தாக்கிய சம்பவம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னும் காட்சி சில விநாடி வந்தது. அன்று மாலை சுமார் 685 பேரை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். சிலருக்கு வலிப்பே வந்திருந்தது, மற்றவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும். ஒளி மின்னினால் வலிப்பு வரக்கூடிய இயல்பு மிகச் சிலருக்கே உண்டு. வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம். “கிட்ட உட்காராதே, கதிர்வீச்சு வரும்” என்று பாட்டிமார் சொன்னதற்கும் ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1967-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சில கலர் டிவிகளில் உள்ளே இருந்த குழாயிலிருந்து எக்ஸ்ரே கசிந்ததால் அவற்றைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு எல்ஈடி டிவியில் அந்தக் குழாயே கிடையாது.

சரி, மகளுக்கு வருவோம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா குல் 2003-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்பவர்கள். ஒரு குழுவோடு சீன மொழி பேசும் ஒருவர் தரையில் உட்கார்ந்து, கதை படித்து, பொம்மை காட்டி, 12 அமர்வுகள் விளையாடினார். பிறகு சோதித்தபோது, ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிரித்து அறிந்தன, தைவானில் அதே மொழியில் வளரும் குழந்தைகளுக்கு இணையாக. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களை, அதே கதைகளை, அதே அளவு நேரம் டிவியில் காட்டினார்கள். அந்தக் குழு கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. சீன மொழியையே கேட்காத குழந்தைகளும் இவர்களும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

காதில் விழுந்த ஒலி ஒன்றுதான். எதிரே ஓர் ஆள் இருந்தார், இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். அந்த ஆள் குழந்தையின் கண் போகும் இடத்தைப் பார்க்கிறார், அது கை நீட்டும் பொருளுக்குப் பெயர் சொல்கிறார், அது “ஆ” என்றால் அவரும் “ஆ” என்கிறார். டிவிக்கு அது தெரியாது. இரண்டு வயதுக்குக் கீழே திரையில் பார்த்ததைவிட நேரில் பார்த்ததையே குழந்தைகள் பல மடங்கு எளிதாகப் பிடித்துக்கொள்கின்றன என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் அந்தப் பக்கம் பாட்டி பதில் சொல்கிறார்.

பெற்றோருக்கு மட்டும் இது எளிதில் புலப்படுவதில்லை. உளவியலாளர் ஜூடி டெலோச் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சொல்வளத்தை வளர்க்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு டிவிடியை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் போட்டுக் காட்டினார்கள். டிவிடியே பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் கூடுதலாகச் சொற்கள் கற்கவில்லை. டிவிடி இல்லாமல் அம்மா அப்பாவே அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். இதில் வேடிக்கை, எந்தப் பெற்றோருக்கு டிவிடி அதிகம் பிடித்திருந்ததோ அவர்கள்தான் “என் பிள்ளை நிறையக் கற்றுக்கொண்டான்” என்று அதிகமாக நம்பினார்கள். இதற்கு ஒரு வருடம் முன்பே, 2009-ல், கைக்குழந்தைகளுக்கென்று விற்ற ‘பேபி ஐன்ஸ்டைன்’ டிவிடிகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி அறிவிக்க வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்தை யூடியூப் ரைம்ஸ் பிடித்துக்கொண்டது. “டிவி பார்த்தே ஏ பி சி டி சொல்றான்” என்பது நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. பாட்டு மனப்பாடம் ஆவது உண்மைதான். பேச்சு வருவது அதிலிருந்து இல்லை.

உங்கள் வீட்டில் குழந்தை டிவி பார்ப்பதைவிட முக்கியமான இன்னொன்று நடக்கிறது. அது பார்க்காவிட்டாலும் டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. “அவ பார்க்கவே மாட்டா, அவ பாட்டுக்கு விளையாடுவா” என்று சொல்வோம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளைப் பொம்மைகளோடு விட்டுவிட்டு, பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சியை அறை மூலையில் ஓடவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியாத நிகழ்ச்சி. அவர்கள் அதைப் பார்த்ததும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் மட்டுமே. ஆனாலும் டிவி ஓடும்போது விளையாட்டு துண்டு துண்டானது. ஒரு பொம்மையோடு இருக்கும் நேரம் குறைந்தது, ஆழ்ந்து விளையாடுவது குறைந்தது. டிவி ஓடும்போது பெற்றோரும் குழந்தையிடம் குறைவாகப் பேசுகிறார்கள் என்று அதே குழு அடுத்த ஆய்வில் காட்டியது. 2009-ல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழு குழந்தைகளின் சட்டையில் சிறு ரெக்கார்டரை வைத்து நாள் முழுதும் பதிவு செய்தது. டிவிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர் பேச்சில் சுமார் 770 சொற்கள் குறைந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன.

இந்த வயதில் மூளை வளர்வது இந்தப் பேச்சால்தான். கதவருகே நின்று “யாரு வந்திருக்கா பாரு” என்பது, சோறு ஊட்டும்போது “காக்கா எங்க, காக்கா” என்பது, இதெல்லாம் நாம் யோசித்துச் செய்வதில்லை. டிவி இருந்தால் அது குறைவதும் நமக்குத் தெரிவதில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே ஊட்டினால் சீக்கிரம் சாப்பிடுகிறாள் என்பது வாஸ்தவம். அந்த அரை மணி நேரம் பேச்சே இல்லாமல் போகிறது என்பதும் வாஸ்தவம்.

எல்லா ஆய்வுக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது. 2004-ல் இதே கிறிஸ்டாகிஸ், ஒரு வயதிலும் மூன்று வயதிலும் அதிகம் டிவி பார்த்த குழந்தைகளுக்கு ஏழு வயதில் கவனக்குறைவு அதிகம் என்று எழுதினார். உலகமெங்கும் தலைப்புச் செய்தி ஆனது, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2010-ல் ஃபாஸ்டர், வாட்கின்ஸ் என்ற இருவர் அதே தரவை எடுத்து, குடும்பத்தின் வறுமையையும் தாயின் கல்வித் திறனையும் கணக்கில் சேர்த்தபோது தொடர்பு கரைந்துவிட்டது. 2021-ல் இன்னொரு குழு அதே தரவை 848 விதமாகக் கணக்கிட்டுப் பார்த்தது. ஐந்தில் ஒரு பங்கு கணக்குகளில்தான் தொடர்பு தென்பட்டது. நாள் முழுதும் டிவி ஓடும் வீடு பல சமயம் ஆள் பற்றாக்குறை உள்ள வீடு, அம்மா தனியாக அல்லாடும் வீடு. குழந்தையின் கவனம் எதனால் சிதறுகிறது என்று அந்த வீட்டில் பிரித்துச் சொல்வது சுலபம் இல்லை. சுறுசுறுப்பு மிகுந்த குழந்தையை அடக்க முடியாமல்தான் டிவி முன்னால் உட்காரவைக்கிறார்கள் என்றும் இருக்கலாம், அப்போது காரணமும் விளைவும் தலைகீழ்.

ஜப்பானின் செண்டாயில் 5 முதல் 18 வயதுப் பிள்ளைகளை எம்ஆர்ஐ எடுத்து, அதிகம் டிவி பார்ப்பவர்களின் மூளையில் சில பகுதிகள் தடித்திருப்பதையும் மொழித்திறன் மதிப்பெண் குறைந்திருப்பதையும் கண்டார்கள். “டிவி மூளையின் அமைப்பையே மாற்றுகிறது” என்று அதை எழுதுவார்கள். வீணை கற்றாலும் மூளையின் அமைப்பு மாறும். ஸ்கேன் படத்தில் வித்தியாசம் தெரிந்தாலே சேதம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

காரணத்தைப் பிரித்தறிய வேண்டுமானால், டிவி வந்ததும் வராததும் தற்செயலாக அமைந்த இடத்தைத் தேட வேண்டும். பொருளாதார அறிஞர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அமெரிக்க அரசு 1948 முதல் 1952 வரை புதிய டிவி நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்திவைத்திருந்தது. அதனால் சில ஊர்களுக்கு 40-களிலேயே டிவி வந்தது, சில ஊர்களுக்கு ஐந்தாறு ஆண்டு கழித்து. ஊர் மக்களின் குணத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மேத்யூ ஜென்ட்ஸ்கோவும் ஜெஸ்ஸி ஷபிரோவும் இந்த இரண்டு வகை ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் 1965-ல் எழுதிய தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். பள்ளிக்குப் போகும் முன் டிவி பார்த்து வளர்ந்ததால் மதிப்பெண் குறையவில்லை. ஒரு துளி கூடவே இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கும், தாய் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் ஆதாயம் இன்னும் கொஞ்சம் அதிகம். 1969-ல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற சிறுவர் கல்வி நிகழ்ச்சி டிவியில் தெளிவாகக் கிடைத்த ஊர்களின் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்காமல் போவது கூடியது என்று இன்னொரு ஆய்வு.

இங்கேயும் அந்த “வேறு என்ன நடக்காமல் போகிறது” என்ற கேள்விதான். வீட்டில் பேச ஆள் இல்லாத, புத்தகம் இல்லாத குழந்தைக்கு டிவி புதுச் சொற்களைக் கொண்டுவந்தது. பேச ஆள் இருக்கும் வீட்டில் அது அந்தப் பேச்சைத் தின்றது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிறு ஊருக்கு, பள்ளத்தாக்கில் இருந்த காரணத்தால், 1973 வரை டிவி அலை எட்டவே இல்லை. டானிஸ் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் டிவி வருவதற்கு முன்பும் இரண்டு ஆண்டு கழித்தும் அந்த ஊரைப் பார்த்தார், ஏற்கெனவே டிவி இருந்த இரண்டு ஊர்களோடு ஒப்பிட்டார். டிவி வரும் முன் அந்த ஊர்ப் பிள்ளைகள் புதிதாக யோசிப்பதில் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட முன்னால் இருந்தார்கள். வந்த பிறகு அவர்களோடு சமமாகிவிட்டார்கள். ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுக்கும் வரும் ஆட்களும் குறைந்தார்கள். ஒரே ஊர்தான், ஆனால் இப்படி முன்பும் பின்பும் பார்க்கும் வாய்ப்பு இனி உலகில் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.

கார்ட்டூன் பற்றியும் ஒரு வார்த்தை, மகள் வளர்ந்ததும் அந்தக் கேள்வி வரும். 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காட்சிகள் படுவேகமாக மாறும் ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் ஒன்பது நிமிடம், இன்னொரு குழுவுக்கு நிதானமான நிகழ்ச்சி ஒன்று, மூன்றாவது குழுவுக்குப் படம் வரையக் காகிதம் கொடுத்தார்கள். உடனே சோதித்தபோது ஸ்பாஞ்ச்பாப் பார்த்தவர்கள் பொறுமையிலும் எண்களைத் திருப்பிச் சொல்வதிலும் பின்தங்கினார்கள். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஆய்வு சொல்லவில்லை. வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் அந்த மாதிரி கார்ட்டூன் வேண்டாம் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: இரண்டு வயது ஆகும்வரை, உறவினரோடு எப்போதாவது வீடியோ கால் தவிர, திரையே வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெரியவர் கூட இருக்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். நடைமுறையில் நான் சொல்வது இன்னும் எளிது. யாரும் பார்க்காதபோது டிவி அணைந்திருக்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் அணைந்திருக்கட்டும், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அணைந்திருக்கட்டும். இந்த மூன்றும் நடந்தால், நடுவில் நீங்கள் குளிக்கப் போகும் இருபது நிமிடம் அவள் ரைம்ஸ் பார்த்தாள் என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொன்று. “விர்ச்சுவல் ஆட்டிசம்” என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள், டிவியும் போனும் பார்த்ததால் குழந்தைக்கு ஆட்டிசம் வந்தது என்று. அப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட நோய்ப்பெயர் மருத்துவத்தில் கிடையாது. இதில் எனக்குக் கவலை தருவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாத குழந்தையை “டிவியை நிறுத்தினால் சரியாகிவிடும்” என்று ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. அப்படி ஏதாவது இருந்தால் டிவியையும் நிறுத்துங்கள், குழந்தை வளர்ச்சி மருத்துவரையும் அந்த மாதமே பாருங்கள்.

இனி மாமனார்.

வயதானவர்களைப் பற்றிய ஆய்வுகள் ஓரளவு ஒரே திசையில்தான் போகின்றன. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்து டெய்சி ஃபான்கோர்ட்டும் ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் 2019-ல் வெளியிட்டது இது. நாளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்கு ஆறு ஆண்டுகளில் சொல் நினைவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவில் இளம் வயதிலிருந்து 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த வேறொரு ஆய்வில், நிறைய டிவியும் கொஞ்சமே உடற்பயிற்சியும் சேர்ந்தவர்கள் நடுவயதில் வேகமாக யோசிக்கும் சோதனைகளில் பின்தங்கினார்கள்.

எனக்கு அதிகம் யோசனை தந்தது 2022-ல் வந்தது. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 1.4 லட்சத்துக்கும் அதிகமானோரைச் சுமார் 12 ஆண்டுகள் பார்த்தார்கள். அதிக நேரம் உட்கார்ந்து டிவி பார்த்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அதிக நேரம் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்த்தவர்களுக்குக் குறைந்திருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது தேடுகிறோம், தட்டுகிறோம், முடிவெடுக்கிறோம். டிவியில் வருவதை வாங்கிக்கொள்கிறோம்.

ஆனால் இதுவும் நிரூபணம் ஆகிவிடாது. மறதிநோய் வெளியே தெரிவதற்குப் பத்து வருடம் முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. நாலு பேரோடு பேசச் சலிப்பு, புதிதாக எதையும் செய்யத் தயக்கம் என்று அது முதலில் தலைகாட்டலாம். அப்படிப்பட்டவர் எங்கே போய் உட்காருவார்? டிவி முன்னால்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றதும் நண்பர் வட்டமும் நடையும் போய் நாற்காலிக்கு வந்துவிட்டார் என்றால் டிவி அங்கே விளைவுதான். ரிமோட்டைப் பிடுங்கினால் அவருக்கு நண்பர்கள் திரும்ப வந்துவிட மாட்டார்கள். டிவி மட்டுமே துணை என்று இருப்பவரிடம் அதைப் பிடுங்குவது கொடுமையும்கூட.

அதோடு, டிவி எதையுமே கொடுப்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஐந்து மாநிலங்களில், கேபிள் டிவி வந்த கிராமங்களையும் வராத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த இடங்களில் “புருஷன் அடிக்கலாம்” என்று ஒப்புக்கொள்ளும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது. சீரியலைத் திட்டாத ஆள் நம் ஊரில் இல்லை, நானும் திட்டுவேன். ஆனால் வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பெண், வேலைக்குப் போகும் பெண்களை அதில்தான் பார்த்தார்.

மாமனாரிடம் டிவியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவதைவிட வேறு சில விஷயங்களைக் கவனியுங்கள். காலையிலும் மாலையிலும் அரை மணி நேர நடை, முடிந்தால் பேச்சுத் துணையோடு. பேத்தியை அரை மணி நேரம் அவர் பொறுப்பில் விடுவது, அப்போது டிவி அணைந்திருக்கும் என்ற ஒரே நிபந்தனையோடு. இதில் இரண்டு பேருக்கும் லாபம். செய்தியைக் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் நல்லது, நடுவில் ஓடுவதெல்லாம் அதே செய்திதான் என்பது அவருக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு கேள்வி, நீங்கள் சொல்லாதது: டிவியின் வால்யூம் எவ்வளவு? வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறதா, பக்கத்து வீடுவரை கேட்கிறதா? மறதிநோயைத் தடுப்பதற்காகத் திருத்திக்கொள்ளக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் பட்டியலிட்டது. அதில் டிவி இல்லை. உடலுழைப்பு இல்லாமை இருக்கிறது, தனிமை இருக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கின்றன, காது கேளாமை இருக்கிறது. காது மந்தமானவர் நாலு பேர் பேசும் இடத்தில் ஒதுங்குவார், வால்யூம் ஏற்ற முடிகிற டிவியிடம் வந்து உட்காருவார். வீட்டில் யாருக்கும் காரணம் புரியாது, “எப்பப் பார்த்தாலும் டிவி” என்பார்கள். ஒரு இஎன்டி மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கேட்புத்திறன் சோதனை செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான். தேவைப்பட்டால் காது கருவி வாங்கிக் கொடுங்கள். வால்யூம் இறங்கினால் உங்கள் மகளின் காதிலும் வீட்டார் பேச்சு விழும்.